வாசகர் விருப்பும் வருகைப் பதிவேடும்

நூல்நிலையத்து நூலொன்றை எடுத்து அதன் பின்னட்டையின் உட்புறத்தைப் புரட்டினால், அங்கே ஒட்டப்பட்ட சிறு தாளொன்றிலே திகதிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக முத்திரையிடப்பட்டிருக்கக் காணலாம். நூலை வாங்கிச் சென்றவர் அதனைத் திருப்பிக் கொடுக்கவேண்டிய நாட்கள் அவை. முத்திரைகள் நெருங்கி நின்றால் அந்நூலைப் பலர் நாடினர் என்பதும், இறுதி முத்திரை பத்தாண்டுக்கு முந்தியதாயின் அது தூசி படிந்து கிடந்தது என்பதும் விளங்கும். ஆயின், வாங்கிச் சென்றவர் அதனை முழுதும் படித்தாரோ, பாதியிலே மூடி வைத்தாரோ, சோதனைக்கு வேண்டிய இரண்டு பக்கங்களை மட்டும் பெயர்த்தெழுதிக்கொண்டாரோ என்பதை அத்தாள் சொல்லமாட்டாது. அனுபவம் மிக்க நூலகர் அத்தாளை மட்டும் நம்பியிரார். வந்தவர் கேட்டும் கிடையாத நூல்களின் பெயர்களை வேறொரு குறிப்பேட்டிலே எழுதி வைப்பார். வாசகரின் உள்ளத்தை அறிதற்கு முன்னையதினும் பின்னையதே சிறந்த துணை என்பதை அவர் அறிவார்.

இன்று கல்லூரிகளும் பழைய மாணவர் சங்கங்களும் நூலகங்களும் தத்தமக்கென இணையத்தளங்கள் வைத்திருக்கின்றன. பழைய மலர்களும் ஆண்டறிக்கைகளும் நிழற்படங்களும் அவற்றிலே ஏற்றப்படுகின்றன. ஏற்றியபின், இவற்றை யார் பார்க்கின்றனர், எதனை விரும்பிப் பார்க்கின்றனர் என்ற வினா செயற்குழுக் கூட்டங்களில் எழுவது இயல்பு. விடையாக ஒருவர் எழுந்து, சென்ற மாதம் இத்தனை ஆயிரம் வருகை என ஓர் எண்ணைப் படிப்பார், கூடியிருப்போர் மகிழ்வர், அடுத்த பொருளுக்குச் செல்வர். அவ்வெண் எவ்வாறு பிறந்தது, எதனைச் சொல்லும், எதனைச் சொல்லாது என்பவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். இது பொறியியலார்க்கு மட்டும் உரிய செய்தியன்று. எந்தப் பக்கத்தைப் பேணுவது, எதனைக் கைவிடுவது, அன்பர்கள் தந்த பணத்தை எதிலே செலவிடுவது என்னும் முடிபுகள் அவ்வெண்ணின்மேல் எழுப்பப்படுகின்றன. ஆதலின் அதனைப் பிழைபடப் படித்தால் இழப்பு நம்முடையதே.

இணையப் பக்கங்களைச் சேமித்து வைத்துக் கேட்போர்க்கு அனுப்பும் கணினியை வழங்கி என்பர். வாசகர் ஒரு பக்கத்தைக் கேட்டவுடன், வழங்கி அதனை அனுப்புவதோடு தன் பதிவேட்டிலே ஒரு வரியும் எழுதிக்கொள்கின்றது. 1990களின் முற்பகுதியில் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்து மீக்கணினி நிலையத்திலே உருவான வழங்கி மென்பொருள் கைக்கொண்ட பதிவுமுறையே பின்னர் பொதுமுறையாயிற்று. கேட்ட கணினியின் முகவரி, திகதியும் நேரமும், கேட்கப்பட்ட பக்கத்தின் பெயர், கேள்விக்குக் கிடைத்த விடையைக் குறிக்கும் மூன்றிலக்க எண், அனுப்பப்பட்ட தரவின் அளவு ஆகியன ஒரு வரியில் அடங்கும். அம்மூன்றிலக்க எண் 200 ஆயின் பக்கம் முறையாக அனுப்பப்பட்டது. 404 ஆயின் கேட்ட பக்கம் அங்கே இல்லை. வாசகர் எந்தப் பக்கத்திலிருந்து இங்கு வந்தார் என்பதும், எந்த உலாவியைக் கையாண்டார் என்பதும் பின்னர்ச் சேர்க்கப்பட்டன. எங்கிருந்து வந்தார் என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், 1996 இல் வெளியான விதிக்குறிப்பிலே ஓர் எழுத்துக் குறைந்து பிழையாக இடம்பெற்றது. உலகெங்குமுள்ள இயந்திரங்கள் இன்றும் அப்பிழையையே வழுவாது எழுதி வருகின்றன. எழுத்துப் பிழைக்குப் பிரம்படி வாங்கிய நம்மவர்க்கு இச்செய்தி சிறிது வியப்பளிக்கலாம்.

பதிவேட்டின் வரிகளை எண்ணுதல் எளிது. எளிதாயிருந்தமையாலேயே முதற் பிழையும் அங்கே பிறந்தது. இருபது படங்களைக் கொண்ட ஒரு பக்கத்தை ஒருவர் ஒருமுறை திறந்தால், பக்கத்துக்கு ஒன்றும் படங்களுக்கு இருபதுமாக இருபத்தொரு வரிகள் எழுதப்படும். 1990களிலே தளம் நடத்தியோர் பலர் இவ்வரிகளின் தொகையையே வாசகர் தொகைபோலப் பெருமையுடன் அறிவித்தனர். படங்கள் மிகுந்த தளம் வாசகர் மிகுந்த தளமாகத் தோன்றிற்று. இது பொருந்தாது என்பது தெளிவானபின், பக்கங்களை மட்டும் எண்ணினர். பின்னர் வருகைகளை எண்ணினர். முப்பது நிமிடம் வரை ஒருவரிடமிருந்து யாதொரு கேள்வியும் வராவிடில் அவருடைய வருகை முடிந்ததாகக் கொள்ளுதல் பரவலான வழக்கம். முப்பது நிமிடம் என்பது மனித இயல்பை ஆராய்ந்து கண்ட உண்மையன்று. எங்கேனும் ஒரு கோடு கிழிக்கவேண்டியிருந்தமையாற் கிழித்த கோடே அது. சமையலறையிலே உலை பொங்குகின்றதென்று எழுந்துபோய் நாற்பது நிமிடத்தின் பின் மீண்டும் வந்து வாசிப்பைத் தொடரும் ஒருவர் கணக்கிலே இரண்டு வருகையாவார்.

நேற்று வந்தவர்தாமா இன்றும் வந்தார் என்பதை அறியப் பயன்படுவது குக்கி எனப்படும் சிறு குறிப்பு. 1994 இல் நெற்ஸ்கேப் நிறுவனத்திலே பணியாற்றிய லூ மொன்ருல்லி என்பவர் இதனை வகுத்தார். இணையக் கடையிலே ஒருவர் தெரிந்தெடுத்த பொருள்களை அடுத்த பக்கத்துக்குச் செல்லுமுன் வழங்கி மறந்துவிடாதிருத்தலே அன்றைய தேவை. வழங்கி தரும் இலக்கமொன்றை உலாவி தன்னிடத்தே வைத்திருந்து, மறுமுறை வரும்போது காட்டும். இவ்விலக்கத்தைக் கொண்டே வருவோரை எண்ணுகின்றனர். ஆனால் இலக்கம் உலாவிக்கு உரியதேயன்றி ஆளுக்கு உரியதன்று. காலையிலே கைத்தொலைபேசியிலும், பகலிலே அலுவலகக் கணினியிலும், இரவிலே மகனுடைய மடிக்கணினியிலும் ஒரே கட்டுரையைப் பார்த்தவர் மூவராகின்றார். மாறாக, ஒரு வீட்டிலே தாத்தாவும் பேரப்பிள்ளைகளும் மாறிமாறிப் பயன்படுத்தும் ஒரு கணினி ஒருவராகவே எண்ணப்படுகின்றது.

2005 ஆம் ஆண்டிலே கூகிள் நிறுவனம் ஏர்ச்சின் என்னும் நிறுவனத்தை வாங்கி, அதன் கருவியை அவ்வாண்டு நவம்பரிலே கூகிள் அனலிற்றிக்ஸ் என்ற பெயரோடு இலவசமாக வழங்கியபின், இக்கணக்கெடுப்பு எளியார் கைக்கும் எட்டிற்று. பக்கத்தினுள்ளே ஒரு சிறு நிரலை வைத்தாற் போதும்; அட்டவணைகளும் வரைபடங்களும் தாமே எழும். இதன் பழைய முறை 2023 யூலையிலே நிறுத்தப்பட்டு, வாசகரின் ஒவ்வொரு செயலையும் தனித்தனி நிகழ்வாக எண்ணும் புதிய முறை நடைமுறைக்கு வந்தது. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒப்பிட்டுத் திகைத்தோர் பலர். வாசகர் மாறவில்லை, அளவுகோலே மாறிற்று.

வாசகர் ஒரு பக்கத்திலே எவ்வளவு நேரம் தங்கினார் என்னும் கணக்கைச் சற்று நின்று நோக்குதல் தகும். விருப்பத்தின் அளவு இதிலே புலப்படும் என்று எவரும் கருதுவர். பழைய முறையிலே இந்நேரம் எவ்வாறு கணிக்கப்பட்டது? ஒருவர் முதற் பக்கத்தை 9.10 மணிக்கும் அடுத்த பக்கத்தை 9.14 மணிக்கும் கேட்டாராயின், முதற் பக்கத்திலே நான்கு நிமிடம் தங்கினார் எனக் கொள்வர். இறுதிப் பக்கத்துக்கு அடுத்த பக்கம் இல்லையாதலின், அங்கே தங்கிய நேரம் தெரியாது. சூனியம் என்றே எழுதப்படும். ஒருவர் தேடுபொறியின் வாயிலாக நேரே ஒரு கட்டுரைக்கு வந்து, ஒரு மணிநேரம் ஆழ்ந்து படித்து, வேண்டியதைப் பெற்று மனநிறைவோடு சென்றாராயின், அவர் தங்கிய நேரம் சூனியம். வந்த வழியே திரும்பியவர் என்ற பெயரும் அவர்க்குச் சூட்டப்படும். தளத்தின் அமைப்புக் குழப்பமாயிருந்து, பக்கம் பக்கமாகத் தட்டித் தடுமாறி ஒன்றும் கிடையாது சலித்துப் போனவரோ ஆர்வம் மிக்க வாசகராகத் தோன்றுவார்! புதிய முறை இக்குறையை ஓரளவு நீக்கப் பார்த்தது. பத்து விநாடிக்கு மேல் நின்றவரையும், ஒன்றுக்கு மேற்பட்ட பக்கங்களைப் பார்த்தவரையும், தளத்தார் முக்கியமெனக் குறித்த செயலொன்றைச் செய்தவரையும் ஈடுபாடுடைய வருகையாளரென அது எண்ணுகின்றது. பத்து விநாடியிலே ஒரு வெண்பாவைக்கூட ஆறுதலாகப் படித்து முடித்தல் அரிது என்பது என் எண்ணம்.

அளவுகோலைத் தவறாகத் தெரிந்தால் அளக்கப்படும் பொருளும் அதற்கேற்ப வளைந்துவிடும். யூரியூப் தளத்தாரின் அனுபவம் இதற்குத் தக்க சான்று. தொடக்கத்தில் எத்தனைபேர் ஒரு காணொளியைத் திறந்தனர் என்பதே அங்கே பெருமதிப்புப் பெற்றது. விளைவு யாதெனின், உள்ளே இல்லாத ஒன்றை இருப்பதுபோலக் காட்டும் தலைப்புகளும் படங்களும் பெருகின. திறந்தவர் ஏமாந்து உடனே மூடினாலும் எண்ணிக்கை ஏறிற்று. ஆதலின் 2012 இல் அவர்கள் அளவுகோலை மாற்றி, எவ்வளவு நேரம் பார்க்கப்பட்டது என்பதற்கு முதன்மை தந்தனர். பார்த்த நேரமும் முழு உண்மையன்று. வெறுப்போடும் ஒருவர் நெடுநேரம் பார்க்கலாம். உறங்கிவிட்டவரின் திரையிலும் காணொளி ஓடும். பின்னர் அவர்கள் பார்த்தோரையே நேரிற் கேட்கும் வினாக்களையும் சேர்த்துக்கொண்டனர். இவ்வளவு பெரிய நிறுவனமும் ஈற்றிலே, அன்பரே, இஃது உமக்குப் பயன்பட்டதா என்று வாய்திறந்து கேட்கவேண்டி வந்தமை கருதத்தக்கது.

நிற்க. பதிவேட்டினாற் பயனே இல்லை என்று கூறுதல் என் கருத்தன்று. வினாவை முன்னரே தெளிவாக வகுத்துக்கொண்டு, அதற்கு விடை காணும் வண்ணம் சோதனையை அமைப்போர்க்கு அது அரிய துணையாகும். 2007 திசெம்பரிலே, பராக் ஒபாமா சனாதிபதி வேட்பாளராவதற்குப் போட்டியிட்ட காலத்தில், அவருடைய இணையத்தளக் குழுவினர் ஒரு சோதனை நடத்தினர். டான் சிரோக்கர் என்பவர் அதனை முன்னின்று நடத்தினார். தளத்துக்கு வருவோர் தம் மின்னஞ்சல் முகவரியைத் தந்து ஆதரவாளராகப் பதிவு செய்யவேண்டும். அதற்கு எந்த முகப்பு ஏற்றது? பொத்தானுக்கு நான்கு வாசகங்களும், அதன் மேலே காட்டுதற்கு மூன்று படங்களும் மூன்று காணொளிகளும் தெரியப்பட்டன. நான்கை ஆறாற் பெருக்க இருபத்துநான்கு முகப்புகள். வந்தோர் 310,382 பேர்க்கும் இவற்றுள் ஏதேனும் ஒன்று குறிப்பின்றிக் காட்டப்பட்டது. காணொளியே வெல்லும் என்பது குழுவினரின் எண்ணம். நடந்ததோ வேறு. காணொளிகள் யாவும் படங்கள் யாவற்றினும் பிற்பட்டன. குடும்பத்தோடு அவர் நிற்கும் படமும், மேலும் அறிக என்னும் பொருள்பட்ட பொத்தானும் சேர்ந்த முகப்பு முதலிடம் பெற்றது. பழைய முகப்பிலே வந்தோருள் 8.26 வீதத்தினர் பதிந்தனர், புதியதிலே 11.6 வீதத்தினர். இந்தச் சோதனை இல்லாதிருந்தால், அனுபவமும் பதவியும் மிக்க ஒருவர் தமக்குப் பிடித்த காணொளியை வைத்திருப்பார், எவரும் மறுத்திரார். எனினும் குடும்பப் படம் ஏன் வென்றது என்பதை எண்கள் சொல்லவில்லை. அதனை அவரவர் ஊகித்துக்கொள்ளவேண்டியதே.

தேடும் சொற்களைக் கொண்டு மக்களின் நிலையை அறியமுயன்ற இன்னொரு முயற்சி இவ்வளவு நற்பேறு பெறவில்லை. தடிமன் காய்ச்சல் வந்தவர் அதுபற்றி இணையத்திலே தேடுவர். ஆகவே தேடல்களை எண்ணினால் நோய் பரவுவதை வைத்தியசாலை அறிக்கைகளுக்கு முன்னரே அறியலாம் என்று கருதி, 2008 நவம்பரிலே கூகிள் நிறுவனத்தார் ஒரு கணிப்பைத் தொடங்கினர். 5 கோடித் தேடற்சொற்றொடர்களை முந்திய ஆண்டுகளின் நோய்க்கணக்கோடு ஒப்பிட்டு 45 ஐத் தெரிந்தெடுத்தனர். 2009 இல் நேச்சர் என்னும் ஆய்விதழிலே அம்முறை வெளியானபோது உலகம் வியந்தது. அதே ஆண்டிற் பரவிய புதுவகைக் காய்ச்சலின் முதலலையை அது குறைத்து மதிப்பிட்டது; 2012 - 2013 மாரிகாலத்திலோ, வைத்தியரிடம் சென்றோரின் வீதத்தை அரசாங்கக் கணக்கினும் இருமடங்குக்கு மேலாகக் காட்டிற்று. 2014 இல் சயன்ஸ் ஆய்விதழிலே இத்தவறு விரிவாக ஆராயப்பட்டது. 2015 இல் அக்கணிப்பின் வெளியீடு நிறுத்தப்பட்டது. தேடியோர் அனைவரும் நோயாளரல்லர். பத்திரிகை அச்சமூட்டினாலும் மக்கள் தேடுவர். தேடுபொறியே ஒரு சொல்லை எடுத்துக்கொடுத்தாலும் தேடுவர். மாரிகாலத்திலே காய்ச்சல் வரும். அமெரிக்கப் பாடசாலைகளிலே கூடைப்பந்தாட்டமும் மாரிகாலத்திலேதான் நடக்கும். இரண்டும் ஒருங்கே ஏறி ஒருங்கே இறங்குவதால், கூடைப்பந்தாட்டம் பற்றிய தேடலும் நோய்க்குறியாகப் பட்டியலுள் நுழையப் பார்த்தது என்பதை அறியும்போது சிரிப்பு வருகின்றது.

இவற்றுக்கெல்லாம் மேலாக, வந்தது மனிதர்தாமா என்ற ஐயமும் இந்நாளில் உண்டு. 2025 ஏப்ரலிலே, விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா நிறுவனத்தார், தமக்கு மிகுந்த செலவு வைக்கும் வருகைகளுள் 65 வீதம் இயந்திரங்களுடையவை எனத் தெரிவித்தனர். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்கு இரைதேடி இவை இரவுபகலாகப் பக்கங்களை அள்ளிச் செல்கின்றன. மனிதர் பலரோ, அக்கருவிகள் தரும் விடையை அங்கேயே படித்துவிட்டு, மூலப் பக்கத்துக்கு வாராமலே அமைகின்றனர். வாசியாத இயந்திரம் வருகையாளராகவும், வாசித்த மனிதர் வராதவராகவும் பதிவேடு காட்டுகின்றது. ஒரு மாதத்திலே வருகை திடீரென மும்மடங்காயிற்று என்று மகிழுமுன், அவ்வருகை எந்நேரத்தில், எந்த ஒழுங்கில், எத்தனை விநாடி இடைவெளியில் நிகழ்ந்தது என்று பார்த்தல் நன்று. ஒரு மலரின் இருநூறு பக்கங்களையும் நான்கு நிமிடத்திலே திறந்தவர் நம் பழைய மாணவராக இருத்தல் இயலாது.

இனி, சிறிய தளங்கள் நடத்துவோர் பெரிதும் கருதாத ஒரு பொருளைக் கூறவேண்டும். 2006 ஓகஸ்டிலே அமெரிக்காவின் ஏ.ஓ.எல். நிறுவனம், ஆய்வாளர்க்கு உதவும் நோக்கத்தோடு, ஏறக்குறைய 650,000 பேர் மூன்று மாதங்களிலே தேடிய 2 கோடித் தேடல்களை வெளியிட்டது. பெயர்கள் நீக்கப்பட்டு, ஆளுக்கோர் இலக்கம் இடப்பட்டிருந்தது. பெயரில்லையாதலின் தீங்கில்லை என்று எண்ணினர். சில நாட்களுள் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையார், ஓர் இலக்கத்துக்குரிய தேடல்களை மட்டும் ஒருசேரப் படித்து, அவற்றுக்குரிய பெண்மணியை வீடு தேடிக் கண்டுபிடித்துவிட்டனர். ஊரின் பெயர், உறவினரின் குலப்பெயர், உடல்நோவு, வளர்ப்பு நாய் எனச் சிறுசிறு தேடல்களே அவரைக் காட்டிக்கொடுத்தன. நிறுவனத்தின் தொழினுட்பத் தலைவர் பதவி துறந்தார். வெளியிட்ட தரவோ மீளாதபடி பரவிவிட்டது.

கோடிக்கணக்கானோர் கூட்டத்திலேயே ஒருவரை இனங்காணல் இயலுமாயின், நானூறுபேர் வரும் தளத்தைப்பற்றிச் சொல்லவேண்டுமோ? நோர்வே நாட்டின் ஒரு சிற்றூரிலிருந்து ஒருவர் மட்டும் வருகின்றார் என்று அறிக்கை காட்டினால், அவர் யாரென்பதைச் செயற்குழுவிலே பாதிப்பேர் பெயரோடும் வகுப்போடும் சொல்லிவிடுவர். அவர் நள்ளிரவிலே எந்த ஆண்டின் வகுப்புப் படத்தை எத்தனை முறை பார்த்தார், யாருடைய நினைவஞ்சலியை வாசித்தார், எந்தப் பெயரைத் தேடினார் என்பன நாம் அறியவேண்டியவை அல்ல. நம் நாட்டிலே ஒரு பெயரைத் தேடுதற்குப் பின்னே எத்தகைய துயரங்கள் இருக்கக்கூடும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. சட்டமும் இதனைக் கவனித்துள்ளது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி 2018 மே 25 முதல் நடைமுறையிலுள்ளது. அவ்வொன்றியத்துள் வாழ்வோரின் நடத்தையைக் கண்காணிக்கும் வெளிநாட்டார்க்கும் அது பொருந்தும். இலங்கையிலும் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. சட்டம் ஒருபுறமிருக்க, முகவரியின் இறுதிப் பகுதியை அழித்தே பதிதல், மூல வரிகளைச் சில மாதங்களின் பின் நீக்குதல், பத்துக்குக் குறைந்த எண்களை ஊர்வாரியாகக் காட்டாது விடுதல் ஆகிய மூன்றையும் எந்தச் சங்கமும் செலவின்றிச் செய்யலாம்.

பதிவேட்டைக் கொண்டு செய்யத்தகாதது ஒன்றுண்டு. பார்ப்பார் இல்லை என்ற காரணங்காட்டிப் பழைய பக்கங்களை நீக்குதலே அது. இட வாடகை ஏறும்போதெல்லாம் இவ்வாலோசனை எழுகின்றது. சென்ற ஆண்டு இருவர் மட்டுமே பார்த்த 1930களின் மலரொன்றை ஏன் வைத்திருக்கவேண்டும் என்பர். சீர்காழியிலே பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராய் விளங்கிய சீ. இரா. அரங்கநாதன் 1931 இல் வெளியிட்ட நூலகவியல் விதிகள் ஐந்தும் இதற்கு விடையளிக்க வல்லன. வாசகர் ஒவ்வொருவர்க்கும் உரிய நூல் உண்டு என்பதோடு அவர் நிற்கவில்லை; நூல் ஒவ்வொன்றுக்கும் உரிய வாசகரைத் தேடித் தருதலும் நூலகரின் கடன் என்றார். 1981 ஆம் ஆண்டு மே முடிவும் யூன் தொடக்கமுமாகிய நாட்களிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் ஏட்டுச்சுவடிகளும் அடங்கும். அச்சுவடிகளை நாள்தோறும் எத்தனைபேர் இரவல் வாங்கினர் என்று கேட்டு அவற்றின் மதிப்பை எவரும் அளந்ததில்லை. எரிந்தபின், எஞ்சிய பிரதி எங்கேனும் உண்டா என்று வீடுவீடாகத் தேடினர். இன்று ஒரு பழைய மலரைப் பார்த்த அவ்விருவருள் ஒருவர், தம் பாட்டனாரின் படத்தை முதன்முதலாகக் கண்டவராக இருக்கலாம். இருவர் என்னும் எண்ணிலே அதனைக் காணல் முடியாது.

அன்றியும், பார்ப்பார் குறைந்தமைக்கு விருப்பமின்மையே காரணமென்பது எப்படித் துணிபாகும்? இலங்கைத் தமிழ்த் தளங்கள் பல முற்காலத்திலே பாமினி எழுத்துருவில் எழுதப்பட்டவை. திரையிலே தமிழாகத் தோன்றினும், கணினியின் உள்ளே அவை பொருளற்ற உரோம எழுத்துகளாகவே சேமிக்கப்பட்டிருந்தன. ஒருங்குறியிலே யாழ்ப்பாணம் என்று ஒருவர் தேடினால், பாமினியிலுள்ள யாழ்ப்பாணம் அகப்படாது. பழைய அச்சுப் பக்கங்களைப் படமாக எடுத்து ஏற்றியவற்றுக்கும் இதே கதி. படத்தினுள்ளே எத்தனை பெயர்கள் இருப்பினும், எழுத்துணரி கொண்டு அவற்றை எழுத்தாக்கினாலன்றித் தேடுபொறி அறியாது. 2005 இலே தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவிலே தொகுத்து வருதலை வாசகர் அறிவர். நூல்களின் பெயரும் ஆசிரியர் பெயரும் இதழ்களின் உள்ளடக்கமும் அங்கே எழுத்தாகவும் தரப்பட்டிருத்தலாலேயே, தேடுவோர் அவற்றைச் சென்றடைய முடிகின்றது. பூட்டிய அறையிலே ஒரு நூலை வைத்துவிட்டு, இதனை எவரும் விரும்புகின்றிலர் என்று கூறுதல் நீதியாகாது.

ஆகவே, வாசகரின் விருப்பத்தை அறிய முயல்வோர்க்கு நான் முதலிற் காட்டுவது, பெரிய எண்கள் நிற்கும் பட்டியலையன்று. 404 என்று முடியும் வரிகளையும், தளத்தின் தேடற்பெட்டியிலே இடப்பட்டு விடையேதும் பெறாத சொற்களையுமே. நூலகரின் இரண்டாவது குறிப்பேட்டுக்கு இணையானவை இவை. வேறு தளத்திலிருந்து ஒருவர் இணைப்புத் தந்திருக்க, நாம் பக்கத்தின் பெயரை மாற்றியமையால் வந்தவர் வெறுங்கையோடு திரும்புவதும் இங்கே தெரியும். ஒரு பெயரைப் பலவாறு எழுதித் தேடியிருப்பர். பாழ்ப்பாணம் எனத் தட்டெழுத்துப் பிழையோடு தேடியிருப்பர். ழகரமும் ளகரமும் மாறியிருக்கும். ஆங்கிலப் பெயரைச் சிலர் ரகரத்தாலும் சிலர் டகரத்தாலும் எழுதியிருப்பர். அவர்கள் வேண்டிய பக்கம் நம்மிடத்தே இருந்தும் அவர்களுக்கு இல்லையாயிற்று. இவ்வேறுபாடுகளையெல்லாம் ஒரு பெயரின்கீழ்ச் சேர்த்துவைத்தல் மாணவர் இருவர் ஒரு விடுமுறையிலே செய்து முடிக்கக்கூடிய வேலை. இவ்வாறு தேடப்பட்டவற்றுள் நம்மிடத்தே உண்மையிலேயே இல்லாதவை எவையெனப் பிரித்தால், அடுத்து எதனைத் தேடித் திரட்டி ஏற்றவேண்டும் என்பதும் தெளிவாகும். இப்பட்டியலிலே தேடியவரின் முகவரி இருத்தலாகாது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

பாமினியிலுள்ள பக்கங்களை ஒருங்குறிக்கு மாற்றும் வேலையைத் தொடங்கும் சங்கத்தார், மாற்றி முடித்த திகதியையும் பதிவேட்டின் அருகே குறித்து வைத்தல் வேண்டும். அத்திகதிக்கு முந்திய எண்களையும் பிந்திய எண்களையும் ஒரே நிரலிலே வைத்துக் கூட்டலாகாது. பிந்திய எண்களையும் ஓராண்டு கழியுமுன், ஒரு தைப்பொங்கலும் ஒரு பரிசளிப்பு விழாவும் ஒரு சோதனைக் காலமும் அதனுள் வந்து போகுமுன், எடுத்துக்காட்டி எந்தப் பக்கத்தைப் பற்றியும் முடிபு செய்தல் கூடாது.